வீட்டையே கப்பலில் ஏற்றுவதென்றால்...
வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல ஒரே விடயத்தைத் தொட்டவை. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் கம்பர்வானை வெளிநாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்து, மாதக்கணக்கில் ஊர் சுற்றுவது பற்றிய கேள்விகள் அவை. அவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே தருகிறோம்.

ஜேர்மனியில் இருக்கும் மகன் ஃபியற் டுக்காற்றோ வானைக் கம்பர்வானாக்கி வைத்திருக்கிறார். தையில் கொண்டுவந்து ஆடி, ஆவணி வரை நிற்கப் போகிறாராம். எங்கே தொடங்குவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கோண்டாவில்

அளவு நாடாவில் தொடங்கச் சொல்லுங்கள். கப்பல் முகவருக்குத் தொலைபேசி எடுப்பது அதற்குப் பிறகுதான். எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எவ்வளவு காசு என்ற எல்லாவற்றையும் முடிவு செய்வது வண்டியின் உயரம்.

வண்டி இரண்டு வழியில் வரலாம். ஒன்று கொன்ரெய்னர். மற்றது, வாகனங்களை ஓட்டி ஏற்றி ஓட்டி இறக்கும் 'றோறோ' கப்பல். 40 அடி நீளமான, உயரம் கூடிய வகைக் கொன்ரெய்னரின் கதவு வாசல் 2.58 மீற்றர் உயரம், 2.34 மீற்றர் அகலம். சாதாரணக் கொன்ரெய்னரின் வாசல் உயரம் 2.28 மீற்றர்தான். நடுத்தர உயரக் கூரையுள்ள டுக்காற்றோ தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஏறத்தாழ 2.52 மீற்றர். அதன் மேல் காற்றாடி மூடி, சூரியத் தகடு, குளிரூட்டி என்று ஒவ்வொன்றாக ஏற்றினால் 2.65 ஆகிவிடும். ஏழு சென்ரிமீற்றர்தானே என்று நினைத்துக் கொன்ரெய்னரை ஒழுங்கு செய்துவிட்டு, ஏற்றும் நாளில் வாசலில் முட்டிக்கொண்டு நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

அளக்கும்போது நடக்கும் தவறு இதுதான்: தண்ணீர்த் தாங்கி நிரம்பி, சாமான் ஏறிய நிலையில் அளந்துவிடுகிறார்கள். கப்பலில் ஏறும்போது வண்டி வெறுமையாக இருக்கும். 100 லீற்றர் தண்ணீரும் சாமானும் இறங்கினால் ஸ்பிறிங் நிமிர்ந்து வண்டி ஓரிரு சென்ரிமீற்றர் உயர்ந்துவிடும். அதனால் வெறுமையாக்கிய பிறகு, சீமெந்துத் தரையில் நிறுத்தி, கூரையில் மிக உயர்ந்த பொருளின் மேல் நேரான சட்டம் ஒன்றை நீர்மட்டம் வைத்துப் பிடித்து, அதன் நுனியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு அளக்க வேண்டும். கழற்றக்கூடிய காற்றாடி மூடியைக் கழற்றி, வாயைத் தகட்டால் மூடி ஒட்டலாம். ரயர் காற்றைக் குறைத்தால் இன்னும் இரண்டு சென்ரிமீற்றர் கிடைக்கும். ஆனால் முன்சில்லு சரிவுப் பலகையில் ஏறிக்கொண்டிருக்கும்போது வண்டி சாய்ந்து நிற்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். மட்டமான தரையில் சரியாக இருந்த அளவு அந்த இடத்தில் பிழைக்கும்.

டுக்காற்றோவின் அகலம் 2.05 மீற்றர். கண்ணாடிகளை மடித்து உள்ளே விட்டால் வாசலில் ஒவ்வொரு பக்கமும் 14 சென்ரிமீற்றரளவு மிஞ்சும். சாரதிக் கதவு திறக்காது. ஓட்டி ஏற்றுபவர் ஜன்னலாலோ பக்கத்து இழுகதவாலோதான் வெளியே வரவேண்டும். ஆகவே ஏற்றும் நாளில் ஜன்னல் இறக்கும் சுவிச்சு வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நீளத்திலும் ஒரு கணக்கு உண்டு. டுக்காற்றோ 5.99 மீற்றர். 20 அடிக் கொன்ரெய்னரின் உள்நீளம் 5.9 மீற்றர்தான். ஒன்பது சென்ரிமீற்றருக்காக 40 அடி எடுக்க வேண்டியிருக்கும். 40 அடியின் உள்நீளம் 12.03 மீற்றர் என்பதால், இரண்டு டுக்காற்றோக்களைப் போடலாமே என்று கடதாசியில் தோன்றும். கட்டுவதற்கு இடமிராது. ஆனால் ஒரு டுக்காற்றோவும் 4.90 மீற்றர் நீளமுள்ள ஒரு ஃபோக்ஸ்வாகன் கலிஃபோர்ணியாவும் போகும். நண்பர் குடும்பம் ஒன்று கலிஃபோர்ணியாவோடு வருமென்றால் செலவைப் பாதியாக்கலாம். கலிஃபோர்ணியா தனியாக வந்தாலோ 1.99 மீற்றர் உயரத்தில் சாதாரண 20 அடிக்குள் சுகமாகப் போய்விடும். கப்பலில் கொண்டுதிரியும் எண்ணத்தோடு வண்டி வாங்குபவருக்கு எங்கள் தெரிவு அதுதான்.

றோறோவில் உயரப் பிரச்சினை இல்லை. கட்டணம் கன மீற்றரில் வரும்: 5.99 × 2.05 × 2.65 என்றால் 32.5 கன மீற்றர். கூரைப் பெட்டி ஒன்று 30 சென்ரிமீற்றர் உயர்த்தினால் அதே வண்டி 36 கன மீற்றர். பின்னால் இருக்கும் சைக்கிள் தாங்கியையும் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். றோறோவின் குறை, திறப்பைக் கொடுத்துவிட வேண்டும் என்பது. வண்டி பல கைகள் மாறும். உள்ளே உடைமை வைக்கப் பல கம்பனிகள் விடுவதில்லை. விட்டாலும் காப்புறுதி அவற்றுக்குச் சேராது. சாரதி இருக்கைக்குப் பின்னால் பலகை அடித்து, வீட்டுப் பகுதியைத் தனியாகப் பூட்டுவது வழமை. இன்னொன்று, வாகனக் கப்பல்கள் தெற்கே அம்பாந்தோட்டைக்கும் வருகின்றன. எந்தத் துறைமுகத்தில் இறக்குகிறார்கள் என்பதை முற்பணம் கட்ட முன்னர் எழுத்தில் வாங்குங்கள்.

எந்த வழியானாலும், காஸ் சிலிண்டர் வெளியே. டீசல் கால் தாங்கிக்குக் குறைவாக. தண்ணீர்த் தாங்கி, பொயிலர், குழாய்கள் எல்லாம் வடித்து உலர வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக் கதவை இடைவெளி விட்டுக் கட்டுங்கள். பூட்டி வைத்தால் ஐந்து கிழமையில் உள்ளே பூஞ்சணம் பிடித்துவிடும். சூரியத் தகட்டின் வயரை முதலில் கழற்றிவிட்டுத்தான் பற்றறியைக் கழற்ற வேண்டும். மாறிச் செய்தால் சார்ஜ் கட்டுப்படுத்தி எரிய வாய்ப்புண்டு. லித்தியம் பற்றறி இருந்தால் முகவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்; ஆபத்தான சரக்கு விதிகளின் கீழ் அதை அறிவிக்க வேண்டும். கொன்ரெய்னருக்குள் சில்லுகளுக்கு மரக்கட்டை அடிப்பார்கள். அந்த மரத்தில் வெப்பச் சிகிச்சை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றும் கப்பலானால் பயணம் 10 முதல் 14 நாள் கூடும். தைப்பொங்கலுக்கு ஊரில் நிற்க நினைத்தால் ஐப்பசியிலேயே ஏற்றச் சொல்லுங்கள்.

கார்னெற் என்று ஒரு புத்தகம் வேண்டுமாம். அது என்ன? வண்டி வந்தபின் நான் ஓட்டலாமா? திரும்பும்போது விட்டுவிட்டுப் போனால் என்ன?
– வாசகர், ஊர்காவற்றுறை

கார்னெற் என்பது வண்டிக்குரிய கடவுச்சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இந்த வண்டியைத் திரும்பக் கொண்டுபோவேன். தவறினால் வரியை நாங்கள் கட்டுவோம்' என்று வண்டி பதிந்த நாட்டின் மோட்டார் கழகம் எங்கள் சுங்கத்துக்குக் கொடுக்கும் உத்தரவாதம் அது. ஜேர்மனியில் ஏ.டி.ஏ.சி, சுவிஸில் ரி.சி.எஸ். கொடுக்கின்றன. கழகம் உங்களிடமிருந்து பிணைப்பணம் பிடித்து வைத்திருக்கும். புத்தகம் ஒரு வருடம் செல்லும். ஆனால் வண்டி இங்கே எத்தனை நாள் நிற்கலாம் என்பது உள்ளே விடும் சுங்க அதிகாரி எழுதும் திகதியைப் பொறுத்தது. அதை அந்த இடத்திலேயே வாசியுங்கள்.

ஒவ்வொரு தாளும் மூன்று துண்டு. நாட்டுக்குள் வரும்போது கீழ்த்துண்டைக் கிழித்து எடுப்பார்கள். வெளியே போகும்போது நடுத்துண்டை எடுப்பார்கள். மேல்துண்டு புத்தகத்திலேயே நிற்கும். அதில் வரவு முத்திரை ஒன்று, போக்கு முத்திரை ஒன்று என்று இரண்டும் இருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அகப்படுவது இரண்டாவது முத்திரையில். வண்டி கொன்ரெய்னருக்குள் போய்விட்டது, முகவர் பார்த்துக்கொள்வார் என்று விமானம் ஏறிவிடுகிறார்கள். முத்திரையில்லாத புத்தகம் கழகத்துக்குத் திரும்பினால், வண்டி இன்னும் இலங்கையில் நிற்கிறது என்றுதான் பொருள். பிணைப்பணம் பிடிபட்டுவிடும். ஏற்றும் நாளில் சொந்தக்காரர் கொழும்பில் நின்று, மேல்துண்டைக் கண்ணால் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகட்டும்.

எழுத்துப் பிழையும் பொல்லாதது. 17 எழுத்துள்ள செசி இலக்கம் வண்டிப் பதிவிலும், கார்னெற்றிலும், பில் ஒஃப் லேடிங் என்ற கப்பல் சரக்குப் பத்திரத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அந்த இலக்கத்தில் ஆங்கில ஐ, ஓ, கியூ என்ற மூன்று எழுத்துகளும் ஒருபோதும் வராது. எங்காவது 'ஓ' தெரிந்தால் அது பூச்சியம். தட்டச்சுச் செய்தவர் பிழை விட்டிருக்கிறார். பெயரும் அப்படித்தான். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னால், வண்டிப் பதிவில் பின்னால் என்றிருப்பது எங்கள் ஆட்களுக்கு வழமை. புத்தகம் அடிக்க முன்னர் ஒன்றாக்குங்கள்.

நீங்கள் ஓட்டுவது? வேண்டாம். வெளிநாட்டில் வசிப்பவர் தன் பாவனைக்குத் தற்காலிகமாகக் கொண்டுவரும் வண்டி என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை. உள்ளூர்க்காரர் ஓட்டிப் பிடிபட்டால் மாட்டுப்படுவது கார்னெற்காரர். அவரும் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தை இலங்கை ஓட்டோமொபைல் அசோசியேஷனில் அங்கீகரித்துக்கொள்ள வேண்டும், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும். வண்டியை விட்டுவிட்டுப் போகும் யோசனையை மறந்துவிடுங்கள். எங்கள் நாட்டில் வாகன வரி பல வேளைகளில் வண்டியின் விலையையே தாண்டும். அதைக் கட்ட வேண்டிவருவது உத்தரவாதம் கொடுத்தவர்தான்.

காங்கேசன்துறைக்குத்தானே நாகபட்டினத்திலிருந்து கப்பல் ஓடுகிறது. இந்தியாவரை தரையால் ஓட்டிவந்து அதில் ஏற்ற முடியாதா?
– மாணவன், பருத்தித்துறை

முடியாது. 2023 ஒக்ரோபரில் தொடங்கிய அந்தச் சேவை பயணிகளுக்கு மட்டும். இந்தியா வரை ஓட்டி வருபவர்கள் தூத்துக்குடி, கொச்சி அல்லது சென்னையில் கொன்ரெய்னரில் ஏற்றிக் கொழும்பில் இறக்க வேண்டும். இந்தியாவுக்கும் கார்னெற் வேண்டும் என்பதால், தாள்கள் போதிய எண்ணிக்கையுள்ள புத்தகமாக எடுக்கட்டும். 5, 10, 25 தாள்களில் கிடைக்கும்.

நாங்கள் இருப்பது கனடாவில். எங்கள் மோட்டார் ஹோம் 120 வோல்ற்று, 30 அம்பியர். ஊரில் அம்மா வீட்டு வளவில் நிறுத்தி மின்சாரம் கொடுக்க ஒரு ட்ரான்ஸ்போமர் போதுமா?
– வாசகி, ஸ்காபரோ

வோல்ற்றளவுக்குப் போதும், அதிர்வெண்ணுக்குப் போதாது. இங்கே 230 வோல்ற்று, 50 ஹேற்ஸ். உங்கள் வண்டி 120 வோல்ற்று, 60 ஹேற்ஸ். ட்ரான்ஸ்போமர் 230ஐ 120 ஆக்கும். 50ஐ 60 ஆக்காது. விளைவு: குளிரூட்டியின் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் சுற்றி, கூடச் சூடாகும். மைக்ரோவேவின் உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்போமர் கருகும். 30 அம்பியருக்கு 3.6 கிலோவோல்ற்று அம்பியர் அளவு ட்ரான்ஸ்போமர் வேண்டும். அதைத் தூக்கவே இரண்டு பேர் தேவை.

நல்ல வழி வேறு. 230 வோல்ற்றில் வேலை செய்யும் 12 வோல்ற்றுப் பற்றறிச் சார்ஜர் ஒன்றை, 40 முதல் 60 அம்பியர் அளவில், வண்டிக்குள் பூட்டுங்கள். வீட்டு மின்சாரம் அந்தச் சார்ஜரோடு நிற்கட்டும். விளக்கு, தண்ணீர்ப் பம்பி, காற்றாடி எல்லாம் 12 வோல்ற்றில் ஓடும். உங்களிடம் இருக்கும் 120 வோல்ற்று இன்வேட்டர் பற்றறியிலிருந்து சரியான 60 ஹேற்ஸைத் தானே தரும் என்பதால், மைக்ரோவேவை அதிலிருந்து ஐந்து பத்து நிமிடம் ஓட்டலாம். கூரைக் குளிரூட்டியை மறந்துவிட்டு, இங்கே 230 வோல்ற்று மேசை மின்விசிறி ஒன்று வாங்குங்கள்.

ஒரு கண்டிப்பு: ஊர் எலக்ரீசியன் எவராவது 'பிளக்கை வெட்டிப்போட்டு 15 அம்பியர் பிளக் போட்டால் சரி' என்று சொன்னால் வண்டியைத் தொட விடாதீர்கள். உங்கள் வண்டியின் அடியில் நிலையாகப் பூட்டியிருக்கும் புரொப்பேன் தாங்கியையும் மறக்க வேண்டாம். ஏற்ற முன்னர் அதை வெறுமையாக்கி, வாயு வெளியேற்றிய சான்றிதழ் எடுக்கச் சொல்லும் கம்பனிகள் உண்டு.

ஐரோப்பிய வண்டிக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்களுடையதும் 230 வோல்ற்று, 50 ஹேற்ஸ். ஆனால் வீட்டிலிருந்து வண்டிக்கு இழுக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயரை முழுவதும் விரித்துப் போட வேண்டும். சுருளாக விட்டால் சூடாகி உருகும். பழைய வீடுகளில் எர்த் கம்பி உண்மையில் மண்ணுக்குள் போகிறதா, ட்றிப் சுவிச்சு விழுகிறதா என்று முதலில் சோதியுங்கள்.

கிணற்றுத் தண்ணீரை நேரே வண்டித் தாங்கிக்குள் விடலாமா? கழிவை என்ன செய்வது? எங்கள் ஒழுங்கைக்குள் வருமா?
– வாசகர், சுன்னாகம்

குளிக்க, கழுவ விடலாம். ஆனால் எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவுதான் வண்டியின் 10 லீற்றர் பொயிலருக்குள்ளும் படியும். அங்கே சுரண்ட முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சித்திரிக் அமிலக் கரைசலைச் சில மணி நேரம் நிறுத்திவிட்டு, மூன்று முறை அலசுங்கள். வெந்நீர் எங்களூர் வெயிலில் பெரிதாகத் தேவைப்படாது. பொயிலரைத் தவிர்த்துவிடும் வால்வு இருந்தால் அதுவே நல்லது. குடிநீர் தனிக் கானில் இருக்கட்டும்.

கழிப்பறைப் பெட்டி 18 லீற்றரளவு கொள்ளும். மூன்று பேருக்கு இரண்டு நாள். அதை வீட்டு மலசலகூடத்துக்குள் மெல்ல ஊற்றி, ஒரு வாளி தண்ணீர் அடித்தால் போதும். ஆனால் போர்மல்டிஹைட் கலந்த நீல மருந்து போட்டிருந்தால் அது குழியின் நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும். உயிரியல் வகை மருந்தைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வேலியோரத்தில் கிடங்கு வெட்டி ஊற்றும் எண்ணம் எவருக்கும் வரக்கூடாது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் இருப்பது வெடிப்பு நிறைந்த கல். ஊற்றியது அயலவர் கிணற்றில் வந்து சேரும்.

ஒழுங்கையில் அகலத்தை விட உயரம்தான் சிக்கல். தொலைபேசி வயரும் கேபிள் ரீவி வயரும் தொய்ந்து கிடக்கும்; மூன்று மீற்றர் வண்டிக்கு அவை கழுத்துக்கு வரும். தென்னோலையும் முருங்கைக் கொம்பும் கூரை ஜன்னலை உடைக்கும். வண்டி வர முன்னர் ஒருவர் மூன்று மீற்றர்த் தடியோடு பிரதான வீதியிலிருந்து வீட்டுக் கேற் வரை நடந்து பாருங்கள். நல்லூர்த் திருவிழாக் காலமென்றால் கோயில் சுற்றாடல் வீதிகள் மறிக்கப்படும். அந்தப் பக்கம் வண்டியைக் கொண்டுபோகாதீர்கள்.

புதிய வண்டி, யூரோ 6 டீசல். இங்கத்தை டீசல் ஒத்துவருமா?
– கராஜ் உரிமையாளர், சாவகச்சேரி

சுப்பர் டீசல் மட்டும். ஓட்டோ டீசலில் கந்தகம் கூட. புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அட் புளூ என்பது புகையைச் சுத்தமாக்கும் யூரியாக் கரைசல். அதன் தாங்கி தீர்ந்தால் எஞ்சின் அடுத்த முறை ஸ்ரார்ட் எடுக்காது. ஓடப்போகும் தூரத்துக்குக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொண்டு வரட்டும். மேலதிகக் கானை நிழலில் வையுங்கள். 30 பாகைக்கு மேல் சூட்டில் அது கெடத் தொடங்கும்.

கப்பல் காப்புறுதி அவசியமா? கப்பல் மூழ்குவது எப்போதோ ஒருமுறைதானே?
– வாசகர், வவுனியா

மூழ்காவிட்டாலும் காசு கேட்பார்கள். 'ஜெனரல் அவரேஜ்' என்று கடற்சட்டத்தில் ஒரு பழைய விதி. கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஏற்பட்ட செலவை, உள்ளே சரக்கு வைத்திருந்த எல்லாரும் தத்தம் பெறுமதிக்கேற்பப் பங்கிட வேண்டும். உங்கள் வண்டியில் கீறல்கூட விழாமல் இருக்கலாம். பங்கைக் கட்டும் வரை, அல்லது காப்புறுதிக் கம்பனி உத்தரவாதம் கொடுக்கும் வரை, வண்டியை விடமாட்டார்கள். 2024 மார்ச் 26 அன்று பால்ரிமோரில் பாலத்தை இடித்த 'டாலி' கப்பல் கொழும்புக்கு வரவிருந்ததுதான். அடுத்த மாதமே அதன் உரிமையாளர் ஜெனரல் அவரேஜ் அறிவித்தார். முழுதாக அழிந்தால் மட்டும் கொடுக்கும் மலிவான காப்புறுதியானாலும் இந்தப் பங்கு அதில் சேர்ந்திருக்க வேண்டும். முழு அழிவும் நடவாததல்ல: 2022 பெப்ரவரியில் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே தீப்பிடித்த 'ஃபெலிசிற்றி ஏஸ்', ஏறத்தாழ 4,000 வாகனங்களோடு மார்ச் மாதம் முதலாம் திகதி மூழ்கியது.

வீதிக்கு வேறு காப்புறுதி வேண்டும். ஐரோப்பியப் பச்சை அட்டை இங்கே செல்லாது. மூன்றாந்தரப்புக் காப்புறுதியை வண்டி துறைமுகத்தை விட்டு வெளியேற முன்னரே உள்ளூரில் எடுக்க வேண்டும்.

ஒரு மாத லீவுதான். கொண்டுவரலாமா?
– வாசகி, மானிப்பாய்

வேண்டாம். போகவர இரண்டு கப்பல் கூலி, இரண்டு துறைமுகத்துச் செலவு, பிணைப்பணம். மூன்று மாதத்துக்குக் குறைவென்றால் இங்கே ஒரு வான் வாடகைக்கு எடுங்கள்.

எங்கள் மருமகன் யாழ்ப்பாணத்தில் ஆறு மாதம் நின்றுவிட்டு, வண்டியை இங்கிருந்தே அவுஸ்திரேலியாவுக்கு ஏற்றப்போகிறார். சுத்தம் பற்றிப் பயமுறுத்துகிறார்களே?
– வாசகர், உரும்பிராய்

பயப்படத்தான் வேண்டும். மண், விதை, பூச்சி எது கண்டாலும் அவுஸ்திரேலிய அதிகாரிகள் மறுபடி கழுவ அனுப்புவார்கள். அந்தக் கூலியும் தாமதமும் உங்கள் பக்கம். ஜேர்மனியிலிருந்து நேரே போகும் வண்டியானால் செப்ரெம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை பழுப்பு நாற்றப்பூச்சிக்கான சிகிச்சையும் வேண்டும். இங்கிருந்து போகும்போது கவலை வேறு: ஆபிரிக்கப் பெருநத்தை. மழைக்குப் பிறகு வளவில் நின்ற வண்டியின் செசியில், உபரிச் சில்லின் மேற்பக்கத்தில் அது ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் முட்டை சிறு வெண்முத்துப் போல மண்ணோடு மண்ணாகக் கிடக்கும்.

வண்டியைப் பள்ளத்தின் மேல் ஏற்றி, சில்லுகளைக் கழற்றி, அடியில் கிடக்கும் பிளாஸ்ரிக் கவசங்களையும் கழற்றிவிட்டு அழுத்தத் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். கவசத்துக்கும் தகட்டுக்கும் இடையில்தான் சிவப்பு மண் கட்டியாக நிற்கும். பொனெற்றைத் தூக்கி, வைப்பருக்குக் கீழே இருக்கும் பீலியைப் பாருங்கள். வேப்பம்பூவும் காய்ந்த விதையும் அங்கே சேரும். கபின் காற்று வடிகட்டியைப் புதிதாக மாற்றுங்கள். உள்ளே இருக்கைத் தண்டவாளத்தை உறிஞ்சியால் துப்புரவாக்கி, சமையல் தட்டில் அரிசி, மிளகாய்த்தூள், ஒடியல் எதுவும் மிஞ்சவில்லை என்று இழுப்பறைகளை வெளியே எடுத்தே பார்க்க வேண்டும். கழுவிய வண்டியை மறுபடி வளவு மண்ணில் நிறுத்தாமல், அன்றே கொழும்புக்கு அனுப்பி, அங்கே ஏற்ற முன்னர் சில்லுகளை மட்டும் இன்னொருமுறை கழுவட்டும்.